சார்ஜெண்டின் ஞானத்தகப்பன்

போசோ துல்சே என்றால் இனிப்புக் கிணறு என்று அர்த்தம். அந்தக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவனுக்குத்தான் தெரியும், பெயர் வைத்தவன் எப்பேர்ப்பட்ட புளுகன் என்று. அத்தனை உப்பு. ஆடுகூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கும். ஆனால் பெயர்ப்பலகையில் புளுகு இருப்பதைப் பற்றி அங்கே இருக்கிற ஐம்பத்தொரு வீட்டில் ஒருவருக்கும் வருத்தம் கிடையாது. புளுகுவதற்கென்றே வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் அது.

ஆகஸ்ட் பதினாறு, சான் ரோக்கே திருநாள். நாய்களைக் காப்பாற்றுகிற புனிதர். அன்றைக்கு நாய்களைக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். கூட்டிப்போவது சொந்தக்காரர் அல்ல, நாயின் ஞானத்தகப்பனோ ஞானத்தாயோதான். எந்த நாய்க்கு யார் என்பது அது குட்டியாக இருக்கும்போதே சீட்டுக் குலுக்கி முடிவாகிவிடும். பாதிரியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, "இது யாரு நாய்?" என்று கேட்பார். ஞானத்தகப்பன் நெஞ்சில் கைவைத்து, "என்னோடது" என்பான். வாய்தவறிச் சொந்தக்காரன் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த நாய் அடுத்த திருநாளைப் பார்க்காது என்று ஊரில் நம்பிக்கை. இதில் விளையாட யாரும் தயாராக இல்லை. பட்டியில் நாய் இல்லாவிட்டால் காட்டிலிருந்து பூமா என்கிற மலைச்சிங்கம் வந்து ஆடுகளை விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

எடெல்மிராவின் நாய்க்குப் பெயர் சார்ஜெண்ட். எலும்பும் தோலுமாக இருக்கும், ஒரு காது பாதிதான். சீட்டில் அதற்கு ஞானத்தகப்பனாக விழுந்தவர் ஊர்த்தலைவர் தோன் எவாரிஸ்தோ. அவருடைய கொழுத்த நாய் தூக்கே, எடெல்மிராவின் பங்குக்கு வந்தது. சீட்டுக்கு ஏழை பணக்காரன் தெரியாது, தலைவருக்குத் தெரியும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சார்ஜெண்டின் கயிற்று நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பார். நாய் வழியாக உறவாகிவிட்டதால் எடெல்மிரா அவரை "கொம்பாத்ரே" என்று முறைசொல்லிக் கூப்பிடலாம். கூப்பிடவும் செய்தாள். அவர் அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை.

அந்த வருஷத் திருநாளுக்கு லிசாந்த்ரோ என்று ஒரு பையன் தலைநகரிலிருந்து வெள்ளை வண்டியில் வந்து இறங்கினான். சாகஸ் நோய் ஒழிப்புத் திட்டத்து ஆள். வின்சூக்கா என்று ஒரு பூச்சி, மூட்டைப்பூச்சிக்குப் பெரியண்ணன். மண்சுவர் வெடிப்பிலும் கூரையிலும் குடியிருக்கும். தூங்குகிறவனைக் கடித்துக் குடித்துவிட்டு, குடித்த இடத்திலேயே கழிந்துவிட்டுப் போகும். அந்தக் கழிவில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால், இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்து இதயத்தைத் தின்னும். எடெல்மிராவின் புருஷன் செகுந்தோ முப்பத்தெட்டு வயதில் பட்டி வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தவன், களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. 'மாரடைப்பு, கடவுள் சித்தம்' என்றார்கள். அந்த ஊரில் கடவுளுக்கு நாற்பது வயதுக்காரர்கள்மேல் மட்டும் அப்படி ஒரு சித்தம்.

பூச்சிக்கு மனிதனைவிட நாய் வசதி. சுவரோரம் படுத்திருக்கும், சொறிந்துகொள்ளும், மனு எழுதாது. நாயின் ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த வீட்டில் பூச்சி இருக்கிறது, அடுத்த சாப்பாடு பிள்ளைகள்தான். ஆகவே ஐம்பத்தொரு வீட்டுச் சுவரைத் துழாவுவதற்குப் பதில் ஐம்பத்தொரு நாயின் ரத்தத்தை எடு, கிருமி உள்ள வீட்டுக்கு மருந்தடி, அந்த வீட்டு ஆட்களின் ரத்தத்தை மட்டும் பார். நல்ல யோசனைதான், குறை சொல்லக் கூடாது. நாய் பொய் சொல்லாது. கயிற்றின் மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்பதை மட்டும் தலைநகரில் யாரும் யோசிக்கவில்லை.

"எல்லா நாயும் ஒரே இடத்துலயா? ரிப்பன் வேற கட்டி வெச்சிருக்காங்க!" என்று லிசாந்த்ரோவுக்கு வாயெல்லாம் பல். பத்து நாள் வேலை ஒரே காலையில் முடிகிறதே! கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு நாயாக ரத்தம் எடுத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"இது யாரு நாய்?"

"என்னோடது."

"இது?"

"என்னோடது."

திருநாளன்று கோயில் வாசலில் அந்தக் கேள்விக்கு வேறென்ன பதில் வரும்? தூக்கேயைப் பிடித்துக்கொண்டு நின்ற எடெல்மிராவும் யோசிக்காமல் அதையேதான் சொன்னாள். தலைவரும் சொன்னார், கைக்குட்டைக்குள்ளிருந்து. சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு உரையும் ஆற்றினார்.

"தம்பி, என் வீடு செங்கல். தரை டைல்ஸ். வின்சூக்கா வந்தா வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கும். நம்ம ஊர்லயே அது கிடையாது. சும்மா வந்ததுக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டுட்டுப் போங்க."

அக்டோபரில் பள்ளிக்கூடக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். பதினொரு வீட்டில் கிருமி. அதில் இரண்டாவது பெயர் தோன் எவாரிஸ்தோ. ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு வாரத்துக்கு ஊரில் வேறு வேலையே நடக்கவில்லை. "டைல்ஸ்ல வழுக்காம இருக்க வின்சூக்கா செருப்பு போட்டுக்கிட்டு வந்துச்சாம்" என்றார்கள் கடையில்.

எடெல்மிராவும் சிரித்தாள். தன் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருந்ததைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பாதி வழி வந்த பிறகுதான் பொறி தட்டியது. தன் பெயரில் எழுதியிருந்தது தூக்கேயின் ரத்தம். தலைவர் வீட்டில் கிருமி என்று எழுதியிருந்தது சார்ஜெண்டின் ரத்தம். சார்ஜெண்ட் தினமும் படுப்பது அவள் வீட்டு மண்சுவரை ஒட்டி. அதே சுவரின் உள்பக்கம் ஒட்டிப் போட்ட கட்டிலில் படுப்பது அவள் மகன் இலாரியோ. ஆறு வயது.

பட்டியலில் மற்ற நாய்களும் அப்படித்தான் இடம் மாறியிருக்கும். அதை யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பையனின் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தேடினாள். கொசுக்கடி எது, மற்றது எது என்று யாருக்குத் தெரியும்? "கிச்சுகிச்சு மூட்டாதம்மா" என்று அவன் நெளிந்தான். அவளுக்கு அழுகையாக வந்தது, தன்மேலேயே கோபமாகவும் வந்தது. 'என்னோடது, என்னோடது என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாயே, பாவி' என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது இரண்டே விஷயம். அந்தச் சுவருக்கு மருந்து, இந்தப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை.

பட்டியல் ஒட்ட வந்த லிசாந்த்ரோ இன்னும் வண்டியிலேதான் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையனாக இருப்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"அம்மா, எங்கிட்ட பதினோரு வீட்டுக்குத்தான் மருந்து. பட்டியல்ல இருக்கிறவங்களுக்குத்தான் ரத்தம் எடுக்கலாம். மாத்தணும்னா நாய் மாறிப்போச்சுன்னு ஊர்த்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அவர் போட்டா நாளைக்கே மாத்திருவேன்."

"அவ்வளவுதானா? அவரு குதிச்சுக்கிட்டுப் போடுவாரே தம்பி! அவருக்குத்தான மானம் போகுது!"

இப்படித்தான் நாம் எல்லோரும் நினைப்போம். நாம் ஊர்த்தலைவராக இருந்ததில்லை அல்லவா? தோன் எவாரிஸ்தோ முற்றத்தில் உட்கார்ந்து மாத்தே என்கிற இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எடெல்மிராவை உட்காரச் சொல்லவில்லை.

"நாய் மாறல" என்றார்.

"என்ன கொம்பாத்ரே இப்படிச் சொல்றீங்க? சார்ஜெண்ட் என் நாய்தான?"

"அன்னைக்குச் சான் ரோக்கே எதிர்ல நெஞ்சுல கைய வெச்சு என்னோடதுன்னு சொன்னேன். அதை மாத்திச் சொல்ல நான் என்ன மதமில்லாதவனா?"

திருநாள் தவிர மற்ற நாளில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதருக்குத் திடீரென்று அத்தனை பக்தி. விஷயம் வேறு. 'எங்கள் ஊரில் வின்சூக்காவே கிடையாது, ஆய்வகத்தில் ரத்தத்தை மாற்றிவிட்டார்கள், பட்டியலையே ரத்து செய்க' என்று பட்டியல் ஒட்டிய கையோடு மந்திரிக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டிருந்தார். வின்சூக்கா இல்லாத ஊர் என்று சான்றிதழ் வாங்கி, தேர்தலுக்கு முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதாகத் திட்டம். நாய் எடெல்மிராவுடையது என்று ஒப்புக்கொண்டால், பூச்சி அவர் வீட்டைவிட்டுப் போகும், ஊரைவிட்டுப் போகாதே!

"என் பையன் அந்தச் சுவத்தோரம்தான் படுக்குறான், கொம்பாத்ரே."

"கட்டில நகத்திப் போடு."

எடெல்மிரா விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நின்றிருந்தால் கையில் கிடைத்த மாத்தே கெண்டியைத் தூக்கி அவர்மேல் ஊற்றியிருப்பாள். அடுத்த நாள் பையனைக் கூட்டிக்கொண்டு நூற்றிருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பட்டியலில் பெயர் இல்லை, ஊர்த்தலைவர் கடிதம் வாங்கி வா என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் இலாரியோ அவள் மடியில் தூங்கினான். அவள் அவன் நெஞ்சில் கையை வைத்தபடியே வந்தாள்.

மருந்தடிக்கும் வண்டி வியாழக்கிழமை லிசாந்த்ரோவோடு தலைவர் வீட்டுக்கு வந்தது. மந்திரியிடமிருந்து பதில் வரவில்லை. மந்திரிகளுக்கு வேறு வேலை இருக்கும்போலிருக்கிறது. வேடிக்கை பார்க்க ஊரில் பாதி கூடிவிட்டது. தலைவரின் மனைவி தோன்யா ஒர்தென்சியா சோபா, அலமாரி, பீங்கான் தட்டு எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

அப்போது தெருமுனையில் எடெல்மிரா தெரிந்தாள். தலையில் சுருட்டிய மெத்தை. ஒரு கையில் சார்ஜெண்ட், இன்னொரு கையில் இலாரியோ. அவன் கையில் கோழி. நேராக வந்து முற்றத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டாள்.

"இது என்னது?" என்றாள் ஒர்தென்சியா.

"என் மெத்தை, தோன்யா."

"தெரியுது. இங்க எதுக்கு?"

எடெல்மிரா லிசாந்த்ரோ பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க படிவத்துல அடுத்த கேள்வி என்ன? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா படிங்க."

லிசாந்த்ரோ படிவத்தைத் தூக்கிப் பிடித்தான். "கடந்த ஆறு மாசமா... இந்த நாயோட ஒரே வீட்டுல படுத்துத் தூங்கினவங்க யார் யாரு?"

"நானு. என் மகன் இலாரியோ. எழுதிக்கோங்க. நாய் தலைவரோடதுன்னு தலைவரே சொல்லிட்டாரு, சான் ரோக்கே சாட்சியா. அப்படின்னா வீடும் இதுதான். தெனமும் இந்த நாயோடதான் நாங்க ரெண்டு பேரும் படுக்குறோம். ஊரே பாத்திருக்கு. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

கூட்டத்தில் ஒரு கிழவி ஈறு தெரியச் சிரித்தாள். "அடிப்பாவி, ஆறு மாசமாவா!" என்றது ஒரு குரல். ஒர்தென்சியா புருஷன் பக்கம் மெல்லத் திரும்பினாள். அவள் அப்படி மெல்லத் திரும்பும்போது தூக்கேகூட மேசைக்கடியில் போய்விடும்.

"ஏன் மனுசா. அந்த நாய் யாரோடது?"

"அது வந்து... சான் ரோக்கே..."

"சான் ரோக்கேய விடு! ஒரு விதவை மெத்தையத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கிறா. ஊரு பாக்குது. நாய் யாரோடது?"

"அவளோடது!" என்று கத்தினார் தலைவர். "அவளோட நாய்தான்! அவ வீட்டுலதான் படுக்குது! நான் அதத் தொட்டதுகூடக் கிடையாது!"

இரண்டு மாசமாக வராத உண்மை இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. லிசாந்த்ரோ நல்ல பையன் என்றேனே, அதோடு கொஞ்சம் சாமர்த்தியமும் உள்ளவன். பேனாவை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தான். "அதையே இங்க எழுதிருங்க ஐயா. ஆனா பழைய படிவம் ரத்தாகுற வரைக்கும் ரெண்டு வீட்டு ஆளுங்க ரத்தமும் எடுத்தாகணும். விதி அப்படி." அப்படி ஒரு விதி இருந்ததா என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

இலாரியோ ஊசிக்கு அழவில்லை, கோழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கோழிதான் கத்தியது. ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் தலைவரும் சட்டைக் கையைச் சுருட்ட வேண்டியதாயிற்று. "எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினார்.

மருந்து வண்டி மதியமே எடெல்மிரா வீட்டுக்குப் போனது. சாமான்களை வெளியே எடுத்தார்கள். இரண்டு கட்டில், ஒரு பெட்டி, பானைகள். சுவரில் செகுந்தோவின் படம் மட்டும் மாட்டியிருந்தது. குழாயைத் திருப்பி அடித்த ஐந்தாவது நிமிஷம் கூரையிலிருந்து பூச்சி பொத்பொத்தென்று விழ ஆரம்பித்தது. படத்தை எடுக்க மறந்துவிட்டோமே என்று எடெல்மிரா ஓடிப்போய்க் கழற்றினாள். படத்துக்குப் பின்னாலிருந்து கைப்பிடி அளவு வின்சூக்கா அவள் காலடியில் கொட்டியது. பழுப்பும் மஞ்சளுமாக, வயிறு புடைத்து, சில இன்னும் நடந்துகொண்டிருந்தன. அவள் வெறுங்காலாலேயே மிதித்தாள். லிசாந்த்ரோ பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து உறைகள் வந்தன. இவ்வளவு சண்டையும் 'இல்லை' என்ற ஒரு சொல்லைக் காதால் கேட்பதற்காகத்தான் போட்டோம் என்று அன்றைக்குத்தான் எடெல்மிராவுக்கே புரிந்தது. அவள் உறையில் 'இல்லை' என்று இருந்தது. இலாரியோ உறையில் அப்படி இல்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் நீவெஸ், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தா, என்னப் பாரு. சின்னப் பிள்ளைங்களுக்கு மாத்திரை கேக்கும். அறுபது நாள். தெரியாமயே விட்டிருந்தா இவனும் ஒரு நாள் வேலியோரமா உக்காந்திருப்பான்."

"தெரியும்க்கா" என்றாள் எடெல்மிரா. தெரிந்தாலும் அழுகை நிற்கவில்லை. அழட்டும்.

அதே வாரம் ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. வின்சூக்காவே கிடையாது என்று மூன்று பக்கம் எழுதிய தோன் எவாரிஸ்தோ, ஐம்பத்தொரு வீட்டுக்கும் மருந்தடிக்க வேண்டும் என்று தலைநகருக்கு நேரே கிளம்பிப்போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வண்டி நிறைய மருந்தோடுதான் திரும்பினார். பட்டியல், படிவம், கட்டம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. ஊரார் ரத்தத்தையும் வரிசையாகப் பார்க்க ஏற்பாடாயிற்று. "பாரேன், மனுசன் திருந்திட்டாரு!" என்றார்கள் கடையில். ஊருக்கு நல்லது நடந்தால் காரணம் கேட்கக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு நாகரிகம் உண்டு.

மாத்திரை தொடங்கும் நாள் எடெல்மிரா இலாரியோவைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். உள்ளே பெஞ்சில் தோன் எவாரிஸ்தோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிரஷர் பாக்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே.

நீவெஸ் அலமாரியைத் திறந்து இரண்டு குப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் ஒரே மாத்திரை. ஒன்றில் இலாரியோவின் பெயர். இன்னொன்றில் இருந்த பெயரை எடெல்மிரா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

தலைவர் தரையைப் பார்த்தார். "எங்கப்பன் வீடும் மண்ணுதான். பதினாலு வயசு வரைக்கும் அங்கதான் படுத்தேன்."

எத்தனை நாள் இந்த மனிதரை ஊர் நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் வார்த்தை அடுக்கி வைத்திருந்தாள்! இப்போது வாசலில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் போதும்.

"நீவெஸ், பையனுக்குச் சரியாயிருமா?" என்று கேட்டார் அவர்.

"சரியாயிரும். சின்ன வயசு."

"எனக்கு?"

நீவெஸ் அலமாரிக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் தேடினாள். இலாரியோ தன் மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினான். பிறகு பெஞ்சில் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, கடிக்காதீங்க. அப்படியே முழுங்கிருங்க. கடிச்சா ரொம்பக் கசக்கும்."

"எடெல்மிரா" என்றார் அவர். அவள் பெயரை அவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டாள். "வெளிய சொல்லிராத."

"சொல்லல கொம்பாத்ரே. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மருந்து வண்டி வரணும். எல்லா வீட்டுக்கும். ஒரு தடவை வராம போச்சுன்னா கோயில் மணியடிச்சுச் சொல்லிருவேன்."

அவர் தலையாட்டினார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். பாதி சட்டையில்தான் சிந்தியது. எடெல்மிரா கோப்பையை வாங்கி, அவர் குடித்து முடிக்கும்வரை அவளே பிடித்துக்கொண்டாள்.